சிவப்பு மையில் எழுதிய இரவு

இன்று காலை, போர் நடக்கும் வன்னியில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்த 2008இல் அங்கே கோடு கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தொலைபேசி அட்டையைச் சுரண்டி, நீண்ட எண் வரிசையை அழுத்தி, காத்திருந்தேன். மணி அடிக்கவில்லை. ஓர் ஊளை வந்தது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் ஊளை. அதற்கு அடியில் யாரோ பேசுவது தெரிந்தது, என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றேன். அந்த ஓசை எனக்குப் பழக்கம். இங்கே ஜேர்மனியில், கொலோன் நகரத்தில், ட்ராம் நிறுத்தத்துக்கு எதிரே மூன்றாம் மாடியில், உங்கள் சமையலறை மேசையில் இருந்தபடி அதை நீங்கள் வாயால் செய்து காட்டியிருக்கிறீர்கள்.

ஐந்தாவது முறை அக்கா எடுத்தார். "நாங்கள் இருக்கிறம். இண்டைக்கு இன்னும் வரேல்லை. நீ சாப்பிட்டியே?" என்றார். வரவில்லை என்றால் குண்டு போடும் விமானம் வரவில்லை. இரண்டு நிமிடத்தில் கோடு அறுந்தது.

நீங்கள் இறந்துபோய் ஏழு மாதம் ஆகிறது. இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாத மொழி. ஆனால் உங்களுக்கு நான் செய்த தீங்கு இந்த மொழியில்தான் நடந்தது. அதைச் சொல்வதும் இந்த மொழியிலேயே இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் நிருபராக இருந்தவன் நான். இங்கே வந்தபிறகும் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன், ஆனால் அதை வைத்து வாழ முடியாது. பகலில் முதியவர்களின் வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்கள் கட்டடம் என் சுற்றில் கடைசி. அங்கே இரண்டு பெட்டி: முதலாம் மாடியில் ஃப்ரௌ பெக்கர் என்ற அம்மாவுக்கு ஒன்று, மூன்றாம் மாடியில் உங்களுக்கு ஒன்று. உங்களுக்கு எண்பத்து மூன்று வயது. முழங்கால்கள் கைவிட்டிருந்தன. வைத்தியசாலைக்குத் தூக்கிப் போனதைத் தவிர இரண்டு வருடமாக நீங்கள் கீழே இறங்கியதில்லை.

ஃப்ரௌ பெக்கருக்கு எழுபத்தொரு வயது. நான் சாப்பாடு கொண்டுபோன இரண்டாம் நாளே, பெயர் சொல்வதுபோலச் சாதாரணமாக, தன் கதையைச் சொல்லிவிட்டார். இரண்டாம் உலகப் போரின் கடைசி இலையுதிர்காலத்தில் அவருக்கு எட்டு வயது. ஆங்கிலேயரின் குண்டுவீச்சில் வீடு இடிந்து, நிலவறைக்குள் இருந்த தாய் இறந்துபோனார். அவரை மட்டும் வெளியே எடுத்தார்கள். ஞாயிறு பிற்பகல்களில் அவர் ப்ளம் கேக் செய்து, தட்டை ஒரு கையிலும் கைப்பிடிச் சட்டத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, உங்களிடம் மேலே ஏறி வருவார். பத்து வருடமாக வந்துகொண்டிருந்தார். உங்களுக்கு வேறு எவரும் வருவதில்லை.

போன வருடம் கோடையில் ஒரு நாள், பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பும்போது, "உங்கள் முகம் இன்று எங்கேயோ இருக்கிறது" என்றீர்கள். மூன்று நாளாக அக்காவின் கோடு கிடைக்கவில்லை, அங்கே குண்டு போடுகிறார்கள் என்றேன்.

"விமானங்களா?"

"விமானங்கள்தான்."

முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தீர்கள். "உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். சொன்னபிறகு என் சாப்பாட்டை வேறு யாராவது கொண்டுவரலாம்" என்றீர்கள். பிறகு சொன்னீர்கள். ஆங்கிலேயரின் குண்டுவீச்சு விமானத்தில், எட்டாவது ஆளாக, இரவில் இந்த நாட்டின்மேல் பறந்தவர் நீங்கள்.

முந்திய நாளின் வெறும் பெட்டியை எடுக்காமலே நான் இறங்கிவிட்டேன். வண்டிக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன். குண்டு போடும் விமானத்தில் இருந்த ஒரு மனிதருக்கு ஒரு வருடமாக உருளைக்கிழங்கும் இறைச்சிக் குழம்பும் கொண்டுபோயிருக்கிறேன் என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். மறுநாள் வந்தது மன்னித்து அல்ல. பெட்டியை எடுக்கவேண்டியிருந்தது. நீங்கள் அதைக் கழுவித் துடைத்து, கதவடியில் வைத்திருந்தீர்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, நிருபன் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டேன். "விமானத்துக்குள் எந்த இடத்தில் இருந்தீர்கள்?"

அதிலிருந்து புதன்கிழமைகளில் சுற்று முடிந்தபின் குறிப்பேட்டோடு உங்கள் மேசையில் உட்கார்ந்தேன்.

இதே கொலோனில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் நீங்கள். பதினைந்து வயதில் உங்களைத் தனியாக ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மேடையில் நின்ற தாயையும் தகப்பனையும் பிறகு நீங்கள் காணவில்லை. நாஜிகள் அவர்களைக் கிழக்கே முகாமுக்குக் கொண்டுபோனதும் அவர்கள் திரும்பாததும் போர் முடிந்தபிறகுதான் தெரிந்தது. விமானப்படையில் சேர்ந்தபோது, ஜேர்மன் பேசத் தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வேலையை எனக்குப் புரியவைக்க மேசையில் உப்புப் போத்தலையும் கரண்டிகளையும் அடுக்கினீர்கள். நூற்றுக்கணக்கான குண்டு விமானங்கள் இருட்டில் வருகின்றன. அவற்றை வேட்டையாட ஜேர்மனியரின் இரவுப் போர் விமானங்கள் ஏறுகின்றன. ஆனால் வேட்டையாடும் விமானிக்கும் அதே இருட்டுத்தான். எங்கே திரும்புவது, எவ்வளவு உயரம் ஏறுவது என்று தரையில் இருக்கும் ஒருவன் வானொலியில் வழிசொல்ல வேண்டும். அந்தக் குரல் போய்ச் சேராவிட்டால் விமானி வானத்தில் சும்மா சுற்றவேண்டியதுதான். குரலைச் சேரவிடாமல் செய்வதே உங்கள் வேலை.

உங்களுக்கு முன்னால் ஒரு சிறிய வட்டத் திரை, அதில் ஒரு பச்சைக் கோடு. எங்கேயாவது யாராவது பேசினால் கோட்டில் ஒரு முள் எழும். அந்த அலைவரிசைக்குப் போய்ச் சில கணம் கேட்கவேண்டும். ஜேர்மன் பேச்சா, வழிசொல்லும் பேச்சா என்று நிச்சயப்படுத்தியபின் அதே அலைவரிசையில் ஊளையை ஏவவேண்டும். வழிசொல்கிறவன் வேறு அலைவரிசைக்குத் தாவுவான். நீங்கள் பின்னால் போவீர்கள். அந்த ஊளையைத்தான் எனக்கு வாயால் செய்து காட்டினீர்கள். படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டதும் பாதியில் நிறுத்தினீர்கள். வந்தது தபால்காரர்.

"பயம் இருந்ததா?" என்று கேட்டேன்.

"எந்தப் பயம் வேண்டும்?" என்றீர்கள். மற்ற ஏழு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் கம்பியில் நீங்கள் இல்லை. உங்கள் காது எதிரியின் பேச்சுக்கு மட்டும். பக்கத்தில் ஒரு சிறு விளக்கு. அது எரிந்தால் உங்களைக் கூப்பிடுகிறார்கள். குதி என்பதற்கும் அதே விளக்கு, வீடு கிட்டிவிட்டது என்பதற்கும் அதே விளக்கு. அதோடு, உங்கள் ஊளையைப் பிடித்துக்கொண்டே எதிரி விமானம் உங்களைத் தேடி வரலாம். "இருட்டில் கத்துகிறவன் எங்கே நிற்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும், ஹெர் ரிப்போர்ட்டர்." கழுத்தில் தொங்கிய அடையாளத் தகட்டில் இருந்த பெயரும் மதமும் பொய். உயிரோடு கீழே விழுந்து, நீங்கள் யார் என்று தெரிந்தால் அதோடு முடிந்தது.

ஒருமுறை, வழிசொன்ன குரல் உங்கள் தெருவின் பேச்சாக இருந்ததாம். கொலோன்காரன். "பையன்களே, கவனம்" என்று அவன் தன் விமானிகளிடம் சொன்னதைக் கேட்டீர்கள். "அவன் தன் பிள்ளைகளைக் காப்பாற்றப் பார்த்தான். நான் என் ஏழு பேரைக் காப்பாற்றப் பார்த்தேன். அவன் வாக்கியத்தை முடிக்க நான் விடவில்லை" என்றீர்கள். அந்த ஒரு புதன்கிழமை உங்கள் சாப்பாடு ஆறிப்போய் அப்படியே இருந்தது.

இதை எழுதவேண்டும் என்று நான் நச்சரித்தேன். ஜேர்மன் மொழியில் கூடவே கூடாது என்றீர்கள். கீழ்மாடியில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது. "அவர் படியேறி வரும் சத்தம்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை. அது நின்றுவிட்டால் எனக்குக் கிழமையில் ஆறு நாள்தான்."

"தமிழில் எழுதுகிறேன்" என்றேன்.

"தமிழில் எத்தனை பேர் வாசிப்பார்கள்?"

"இந்த நகரத்தில் சில நூறு பேர். அதில் பாதிப் பேர் மரண அறிவித்தலை மட்டும் பார்ப்பார்கள்."

இருமல் வரும்வரை சிரித்தீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியென்றால் எழுதுங்கள். எங்கேயாவது ஓரிடத்தில் அது இருக்கட்டும்" என்றீர்கள். தமிழ் என்பது கதவும் சன்னலும் இல்லாத ஓர் அறை என்று நாம் இருவருமே நினைத்தோம். நீங்கள் நினைத்ததில் குற்றமில்லை. நான் நினைத்திருக்கக்கூடாது.

பெயர் போடவில்லை, தெருவைச் சொல்லவில்லை. ஆனால் கண்ட விவரத்தை விட்டுவிட எனக்கு மனம் வராது. நல்ல நிருபன் என்ற கர்வம் அது. ட்ராம் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மூன்றாம் மாடியை எழுதினேன். ஞாயிறுகளில் ப்ளம் கேக்கோடு ஏறிவரும் முதலாம் மாடிப் பெண்மணியை எழுதினேன். குண்டுவீச்சில் அவர் தாயை இழந்ததையும், உங்கள் பயம் இன்று அதுதான் என்பதையும் எழுதினேன்.

பத்திரிகை வந்த மறுநாள், கட்டட வாசலில் வதனியைச் சந்தித்தேன். முதியோரைப் பராமரிக்கும் சேவையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண். ஃப்ரௌ பெக்கரின் கால்கள் வீங்காமல் இருக்க, காலையில் இறுக்கமான காலுறை போட்டுவிட வருபவள்.

"அண்ணை, பேப்பரில எழுதினது உந்த மேல்மாடி ஐயாவைத்தானே?"

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லோணும்? ட்ராம் நிப்பாட்டுற இடம், மூண்டாம் மாடி, ப்ளம் கேக். கிழமையில அஞ்சு நாள் உந்தப் படியில ஏறி இறங்கிறன், எனக்குத் தெரியாதே?" சிரித்தாள். "நல்லாய் எழுதியிருக்கிறியள். வாசிச்சிட்டு அழுதிட்டன். காலமை பெக்கர் அம்மாவுக்குக் காலுறை போடேக்க முழுக்கச் சொன்னனான்."

"முழுக்கவோ?"

"ஓம். அகதியாய்ப் போன பெடியன், பிறகு பிளேனில ஏறி, எண்டு எனக்குத் தெரிஞ்ச டொச் பாஷையில சொன்னனான். பெருமையாய்த்தானே சொன்னனான். ஏன் அண்ணை முகம் இப்பிடிப் போகுது?"

"அவ என்ன சொன்னவ?"

"மற்றக் காலுக்குக் காலுறை போட விடேல்லை. எங்கேயோ போக டெர்மின் இருக்காம், நேரமாச்சாம், போ எண்டா."

வதனியில் பிழை இல்லை. அகதி ஒருவன் தலைநிமிர்ந்த கதையாக அவள் அதை வாசித்தாள். நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வாசித்திருப்பார்கள்.

முதலாம் மாடியில் மணியை அழுத்தினேன். ஃப்ரௌ பெக்கர் கதவைத் திறந்தார். ஒரு காலில் காலுறை இருந்தது; மற்றக் கால் வெறுமையாக, நீலம் பாரித்து, வீங்கத் தொடங்கியிருந்தது. பெட்டியை வாங்கவில்லை.

"எந்த இரவுகள்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். தாய் இறந்த திகதியைச் சொல்லி, "இந்த இரவு இருக்கிறதா?" என்றார். நீங்கள் பறந்த ஒவ்வோர் இரவையும் குறித்துவைத்த பறப்புப் பதிவேட்டின் வரிகள் முழுவதையும் பிரதி எடுத்த குறிப்பேடு என் சட்டைப் பையில் இருந்தது. அந்தத் திகதி அதில் இருந்தது. கொலோன் என்ற பெயரோடு இருந்தது. "ஞாபகமில்லை" என்றேன். நிருபனாக இருந்த காலம் முழுவதிலும் இவ்வளவு வெளிப்படையாக நான் பொய் சொன்னதில்லை.

மேலே வந்து உங்களிடம் வதனியைப் பற்றிச் சொன்னேன். திகதியைப் பற்றிச் சொல்லத் துணியவில்லை. நீங்கள் கோபப்படுவீர்கள் என்று காத்திருந்தேன். கோபம் வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "நன்றாக எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. வாசித்த ஒருவருக்கு வீடே தெரிந்திருக்கிறதே" என்றீர்கள். அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை, "நேற்று வரவில்லை" என்றீர்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை மேசையில் இரண்டு தட்டு வைத்திருந்தீர்கள்; இரண்டும் சுத்தமாக இருந்தன. சாப்பாட்டில் பாதிக்குமேல் திரும்பிவரத் தொடங்கியது. கீழே ஃப்ரௌ பெக்கர் கதவைத் திறக்காமல், "வாசலில் வையுங்கள்" என்று மட்டும் சொன்னார். இரண்டு கதவுக்கும் நடுவே ஒவ்வொரு நாளும் அந்தத் திகதியைச் சட்டைப் பையில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினேன். இரவில் அக்காவை நினைத்து விழித்திருந்தவன், இப்போது உங்கள் இருவரையும் நினைத்தும் விழித்திருந்தேன்.

மூன்றாவது புதன்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. அவர் கேட்டதையும் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

அலுமாரியைக் காட்டினீர்கள். பதிவேட்டை எடுத்துத் தந்தேன். இரவுப் பறப்புகளைச் சிவப்பு மையில் எழுதுவது அவர்களின் வழக்கம். பக்கத்தைப் புரட்டி, விரலை ஒரு வரியில் வைத்து, நெடுநேரம் எடுக்காமல் இருந்தீர்கள். நான் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்றேன்.

"வேண்டாம். என்னைப் பற்றி இன்னொருவர் வாயால் அவர் கேட்டது ஒருமுறை போதும்."

நாற்பது படி. முழங்கையை நான் பிடித்துக்கொள்ள, பதிவேட்டை நெஞ்சோடு அணைத்தபடி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து நின்று இறங்கினீர்கள். இடையில் ஒருமுறை, "அப்போது விமானத்தில் இறங்குவது சுலபமாக இருந்தது" என்றீர்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஃப்ரௌ பெக்கர் கதவைத் திறந்து, உங்கள் முகத்தைப் பார்க்கமுன் உங்கள் கால்களைப் பார்த்தார். உள்ளே விட்டார். நீங்கள் நாற்காலியில் அமரவில்லை. விழுந்தீர்கள் என்றே சொல்லவேண்டும். பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தீர்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்பு வரியை வாசித்தார்.

"உங்கள் சத்தம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த விமானங்கள் திரும்பிப் போயிருக்குமா?"

"இல்லை. சில விழுந்திருக்கும். குண்டுகள் எப்படியும் விழுந்திருக்கும். எங்கள் விமானத்திலும் குண்டு இருந்தது."

"அப்படியென்றால் நீங்கள் எதைக் காத்தீர்கள்?"

"அவர்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியை."

"என் அம்மா வீட்டில்தான் இருந்தார்" என்றார் ஃப்ரௌ பெக்கர்.

நீங்கள் எழும்ப முயன்றீர்கள், முழங்கால் விடவில்லை. என் ஒருவனால் உங்களை இரண்டு மாடி தூக்க ஏலாது. வண்டியை இரண்டு மணிக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். உதவிக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். ஃப்ரௌ பெக்கர் உங்களை ஒருமுறை பார்த்தார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு வீட்டுக்கு வந்தவருக்கு யாரும் செய்வதுபோல அடுப்பில் கோப்பிக்குத் தண்ணீர் வைத்தார். அந்தத் தண்ணீர் கொதிக்கமுன் நான் வெளியேறினேன்.

வேலைத்தளத்து நண்பர் ஒருவரோடு திரும்பிவர ஒன்றரை மணி நேரம் ஆனது. நீங்கள் இருவரும் அதே மேசையில் இருந்தீர்கள். பதிவேடு மூடியிருந்தது. ஃப்ரௌ பெக்கரின் கண்ணாடி அதன்மேல் இருந்தது. உங்களை நாற்காலியோடு மேலே தூக்கினோம். உங்கள் கதவைத் திறக்கும்போது சொன்னீர்கள். "கோப்பியில் சீனி போட்டுவிட்டார். நான் சீனி எடுப்பதில்லை என்பது அவருக்குப் பத்து வருடமாகத் தெரியும்."

"குடித்தீர்களா?"

"குடித்தேன்."

என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பதே தொழிலாக வைத்திருந்தவன், குளிர்காலம் முழுவதும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை நீங்களாகவே சொன்னீர்கள். "ஞாயிறுகளில் வருகிறார். கேக் இல்லை. அது சரிதான்."

மார்ச் மாதம் நீங்கள் இறந்தீர்கள். ஃப்ரௌ பெக்கர் என் கையைப் பிடித்துக்கொண்டு மயானத்துக்கு வந்தார். இரண்டு காலிலும் காலுறை இருந்தது. வதனி போட்டுவிட்டிருந்தாள். அன்று காலை அவள் வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாக வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் போட்டுவிட்டுப் போனாளாம்.

உங்களிடம் ஒன்றை மறைக்கக்கூடாது. வன்னியில் குண்டு போட்டுவிட்டுத் திரும்புகிறவனுக்கும் வழியைக் காத்துக்கொடுக்க யாரோ ஒருவன் இருக்கிறான். அவனை என்னால் வெறுக்க முடிகிறது. உங்களை முடியவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு கட்டுரை எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். முதல் பந்தியைத் தாண்டவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் ஃப்ரௌ பெக்கர் சாப்பாட்டுப் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, "அந்தப் பேப்பரைக் கொண்டுவாருங்கள். இந்தமுறை நீங்கள் வாசியுங்கள்" என்றார். அடுத்த நாள் கொண்டுபோனேன். வரி வரியாக ஜேர்மனில் சொன்னேன். பச்சைக் கோட்டையும் விளக்கையும் பொய்த் தகட்டையும் பற்றிச் சொல்லும்போது அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாயைப் பற்றிய வரி வந்தபோது கையை உயர்த்தினார்.

"இதில் ஒரு பிழை இருக்கிறது."

குறிப்பேட்டை எடுத்தேன்.

"நிலவறையில் அம்மா மட்டும் இல்லை. தம்பியும் இருந்தான். மூன்று வயது. நான் யாரிடமும் சொல்வதில்லை. மேலே இருந்தவரிடம் அன்றைக்குச் சொன்னேன். அவர் தம்பியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவருக்குப் பிறகு இப்போது உங்களுக்கு." பெயரைச் சொன்னார். என் பேனா தாளில் தொட்டு நிற்பதைக் கண்டு, "எழுதுவீர்களா?" என்று கேட்டார்.

பேனாவை மூடினேன். அந்தப் பெயர் என்னிடம் இருக்கிறது. இந்த மடலில் எங்கும் அது இல்லை.